பாண்டி பஜார்ல சும்மா நடக்கப் போகலாமா?

15.09.2024, கேள்வி

"தீபாவளிக்குப் பிறகு அம்மாவோடு சென்னை வருகிறேன். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. தி.நகர் என்றாலே ரங்கநாதன் தெரு நெரிசல்தான் கண்முன் வருகிறது. பாண்டி பஜாரில் இப்போது அகலமாக நடைபாதை போட்டிருக்கிறார்களாம். வாங்குவதற்காக இல்லாமல், சும்மா நடப்பதற்காகவே போகலாமா? நண்பர் ஒருவர் 'பழைய பாண்டி பஜார் செத்துப்போச்சு, இப்ப வெறும் பிளாட்பாரம்' என்கிறார். அங்கே அடிக்கடி போகிறவர்கள் சொல்லுங்கள்."

15.09.2024, இரவு

தாராளமா கூட்டிட்டு வாங்க.

ரங்கநாதன் தெரு வேறு, பாண்டி பஜார் வேறு. ரங்கநாதன் தெரு என்பது மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்கு வரும் குறுகல் தெரு. அங்கே நீங்கள் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தப் பக்கமே வேண்டாம். பாண்டி பஜார் என்பது பனகல் பூங்காவில் ஆரம்பித்துக் கிழக்கே அண்ணா சாலையை நோக்கிப் போகும் தியாகராய சாலை. பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலை சந்திப்பு வரை உள்ள பகுதியைத்தான் மாற்றியமைத்து 2019 நவம்பரில் திறந்தார்கள். நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம்தான். நின்று நின்று பார்த்துப் போனால் ஒரு மாலைப் பொழுது சரியாக இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது வண்டியே போகாத தெரு இல்லை. நடுவில் காரும் ஆட்டோவும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வண்டிக்கு ஒதுக்கிய அகலத்தைக் குறைத்து, அந்த இடத்தை இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தெருவைக் குறுக்கே கடக்கும்போது அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

17.09.2024

"செத்துப்போச்சு" என்ற சொல் மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

அந்த நண்பர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. அந்தப் பழைய நடைபாதையை நானும் பார்த்திருக்கிறேன். கடைக்கும் தெருவுக்கும் நடுவில் இன்னொரு தெருவே இருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே வளையல், பொட்டு அட்டை, ஹேர் கிளிப், கைப்பை, செருப்பு, குழந்தைகளுக்கான கவுன், கவரிங் தோடு என்று தோள் உரசும்படி அடைத்திருப்பார்கள். பெரிய கடையில் புடவை எடுத்துவிட்டு வெளியே வந்தால், அதற்கு வேண்டிய மீதி எல்லாம் வாசலிலேயே கிடைக்கும். 2013-14 வாக்கில் அந்த வியாபாரிகளை அதே சாலையில் கட்டிய மாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். நண்பர் தேடுவது அந்த உலகத்தைத்தான்.

ஆனால் அந்த உலகத்தில் 68 வயது அம்மா நடந்திருக்க முடியுமா? என் பாட்டியால் முடியவில்லை. அவரை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் உள்ளே போய் வருவோம். ஜன்னல் வழியாக வளையல் அட்டையை நீட்டி "இதுவா பாட்டி, அதுவா பாட்டி" என்று கேட்போம். அவர் பார்த்த பாண்டி பஜார் அவ்வளவுதான்.

17.09.2024, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் வியாபாரிகளைத் துரத்தியது சரி என்று நான் சொல்வதுபோல் இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவில்லை.

பத்து ரூபாய்க்கு ஹேர்பேண்ட் வாங்க யாரும் மாடி ஏற மாட்டார்கள். நடந்து போகிறவன் கண்ணில் பட வேண்டும், கால் நிற்க வேண்டும், கை தானாக எடுத்துப் பார்க்க வேண்டும். நடைபாதைக் கடையின் முதலீடே அந்த இடம்தான். அதை மாடிக்குக் கொண்டுபோனால் சரக்கு போகும், வியாபாரம் போகாது. 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இதைத்தான் கருத்தில் கொண்டது. எங்கே உட்காரலாம், எங்கே கூடாது என்பதை நகர விற்பனைக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும், அந்தக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே இங்கே இடமாற்றம் தொடங்கிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

22.09.2024

இன்று சித்தியோடு போய் வந்தேன். ஒரு அரக்குப் பட்டுக்கு மேட்சிங் பிளவுஸ் பிட் எடுக்க வேண்டியிருந்தது.

மேட்சிங் கடையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பையன் மேல் அடுக்கிலிருந்து மூன்று டூ பை டூ ரூபியா பிளவுஸ் துணிக் கட்டுகளை இறக்கிப் போட்டான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் மூன்றும் ஒன்றேதான், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சித்தி புடவையின் உடல் பகுதியை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்துவிட்டு, "வெளிச்சத்துக்கு எடுத்துட்டு வாப்பா" என்றார். அவன் அலுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் கேட்பதுதானே. மூன்று கட்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு வாசல் படிக்கு வந்தான். துணியின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து, புடவை மடிப்பை அதன் மேல் போட்டு, இரண்டும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் நீவிக் காட்டினான். வெயில் பட்டதும் ஒன்று பழுப்பானது. ஒன்றில் ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. நடுவில் இருந்தது மட்டும் புடவைக்குள் காணாமல் போனது. "இதுதான், ஒரு மீட்டர் கிழி" என்றார் சித்தி. கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் பகல் வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். இதற்கு இயற்பியல் படிக்கத் தேவையில்லை, நாலு கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தால் போதும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்த வாசல் படிக்குக் கீழே சித்தி நின்றுகொண்டிருந்த இடத்தைப் பாருங்கள். முன்பு அங்கே பைக் வரிசை இருக்கும். புடவையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நிற்க வழியே இருக்காது. இன்று எங்கள் பின்னால் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் சாதாரணமாகக் கடந்து போனது, யாரும் யாரையும் இடிக்கவில்லை. கடைத்தெருவில் நடக்க இடம் இருந்தால் மட்டும் போதாது, நிற்க இடம் வேண்டும். பார்ப்பதற்கு, பேரம் பேசுவதற்கு, "அந்தக் கடையிலேயே எடுத்திருக்கலாமோ" என்று யோசிப்பதற்கு, கூட வந்தவர் வரும்வரை காத்திருப்பதற்கு. பாண்டி பஜாரில் அந்த இடம் இப்போது கிடைத்திருக்கிறது. அதனால்தான் செத்துப்போச்சு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு தாங்கவில்லை.

23.09.2024

ஒருவர் கேட்டிருக்கிறார்: மெஹந்தி போடுகிறவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். பிளாஸ்டிக் ஸ்டூல், டிசைன் ஆல்பம், கையில் கோன். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் போனால் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

24.09.2024

"பாண்டிச்சேரியிலிருந்து வந்த வியாபாரிகள் கடை போட்டதால் பாண்டி பஜார்" என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். இல்லை ஐயா. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதுதான் பெயர். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் நீதிக்கட்சிக்காரர், பெரியாருக்கு நெருக்கமானவர். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று கண்டிப்பு காட்டியவர். எல்லாரும் ஏறலாம், எல்லாரும் போகலாம் என்று நின்ற மனிதரின் பெயரில் எல்லாரும் நடக்கும் தெரு ஒன்று இருப்பது எனக்குப் பெரிய நிறைவு.

தி.நகர் முழுக்கவே நீதிக்கட்சிக்காரர்கள்தான். ஊருக்கே பெயர் கொடுத்த பிட்டி தியாகராய செட்டி, 1920 தேர்தலுக்குப் பிறகு முதல் மந்திரி பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றவர். பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை அந்தப் பதவியில் இருந்தார். பூங்கா அவர் பெயரில். டாக்டர் நாயர், நடேசனார், உஸ்மான், தணிகாசலம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். அம்மாவோடு நடக்கும்போது பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள், ஒரு கட்சியின் உறுப்பினர் பட்டியலை வாசிப்பதுபோல் இருக்கும்.

24.09.2024, இரவு

பலகை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில் தெருப்பெயர்களில் உள்ள சாதிப் பட்டங்களை எடுக்கச் சொல்லி அரசு ஆணை வந்தது. ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆனது. ஆட்டோக்காரரிடம் போய் "ஜி.என். சாலை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் "ஜி.என். செட்டி ரோடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்.

சாதிப் பட்டத்தை எடுத்ததில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று பலகையில் ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பாண்டி பஜாரில் உட்கார இருக்கைகள் போட்டார்கள், செடி வைத்தார்கள், விளக்கு போட்டார்கள். சௌந்தரபாண்டியனார் யார் என்று நடப்பவர் கண்ணில் படும்படி நாலு வரி எழுதி வைக்கலாம்.

29.09.2024

சினிமாக்காரர்கள் பற்றி எழுதச் சொல்கிறார்கள். நடிகை டி.ஆர். ராஜகுமாரியின் ராஜகுமாரி தியேட்டர் இந்தச் சாலையில்தான் இருந்தது. நாகேஷ் தியேட்டரும் இங்கேதான். இப்போது இரண்டும் இல்லை. என் அப்பா தலைமுறைக்கு பாண்டி பஜார் என்றால் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, இருட்டில் மரத்தடியில் நடந்து, எங்காவது காபி குடித்துவிட்டு வீடு திரும்பும் தெரு. அவர் துணி வாங்கிய கதையை நான் கேட்டதே இல்லை. ஆண்களுக்கு அது நடக்கும் தெரு, பெண்களுக்கு அது வாங்கும் தெரு என்று எங்கள் வீட்டில் பிரிந்திருந்தது. இன்று அந்த இருக்கைகளில் ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

1982 மே 19 பற்றியும் ஒருவர் கேட்டார். ஆமாம், ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டது இதே பாண்டி பஜாரில்தான். அதைத் தனியாக யாராவது எழுதட்டும், இங்கே வேண்டாம்.

02.10.2024

எந்தப் பக்கமாக நடப்பது என்று நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

தெரு கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகப் போகிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சென்னையில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் தெற்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் தெற்கு நடைபாதையில் விழும். நவம்பரில் வருகிறீர்கள், பகலில் போனால் தெற்குப் பக்கமே நடங்கள். நாலரை மணிக்கு மேல் என்றால் பனகல் பூங்காவில் இறங்கிக் கிழக்கு நோக்கி நடங்கள், வெயில் முதுகுக்குப் போய்விடும். எதிர்த்திசையில் வந்தால் கண் கூசும், வயதானவர்களுக்குத் தரை சரியாகத் தெரியாது.

மரங்கள்தான் இந்தத் தெருவின் சொத்து. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதையும் தாங்கி நின்ற பெரிய தூங்குமூஞ்சிகளை வெட்டாமல் அவற்றைச் சுற்றியே நடைபாதையை அமைத்தார்கள். நிழல் இல்லாமல் எவ்வளவு அகலமாகப் போட்டாலும் மத்தியானம் ஒரு ஆள் நடக்க மாட்டான். ஐந்தரை மணி வாக்கில் இலைகள் மடங்கத் தொடங்கும். அம்மாவை மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

05.10.2024

நடைபாதையின் அகலம் பற்றிச் சண்டை போடுகிறவர்களுக்கு: இந்தியச் சாலைக் கழகத்தின் விதிப்படி தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடை முகப்பில் நின்று பார்ப்பவர்களுக்குத் தனியாக இடம் விட வேண்டும். சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கை வகுத்துவிட்டது. இந்த அளவை எங்கள் மேற்கு மாம்பலத் தெருக்களில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் அழுகைதான் வரும். பாண்டி பஜாரில் அந்த அளவுக்கு மேலேயே இடம் இருக்கிறது. மிஞ்சிய இடத்தில்தான் வியாபாரிகளுக்கு ஒரு வரிசை ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். இப்போதே சிலர் வந்து மெல்ல உட்காருகிறார்கள். அதிகாரி வந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். கோடு போட்டு, எண் போட்டு, அடையாள அட்டை கொடுத்து உட்கார வைத்தால் அவர்களுக்கு மானத்தோடு பிழைப்பு, நமக்கு நின்று பார்க்க ஒரு காரணம்.

"அப்படி விட்டால் மறுபடி பழையபடி அடைத்துவிடுவார்கள்" என்று பதில் வரும், எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. என் பாட்டி ஆட்டோவில் உட்கார்ந்திருந்ததை மேலே நானே எழுதியிருக்கிறேன். அதனால்தான் வரிசை என்கிறேன், மரத்துக்கும் சாலைக்கும் இடையில் ஒரே வரிசை. கடை வாசல் பக்கம் முழுக்க நடப்பவர்களுக்கு.

16.10.2024

நேற்றைய மழையில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தி.நகரும் அதே கதைதான். ஏரிக்குள் இருக்கும் ஊர் இது. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மாம்பலம் பகுதியை 1920களில் வடித்துவிட்டுத்தான் மனை பிரித்தார்கள். தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வரத்தான் செய்யும். மாம்பலம் கால்வாய் அடையாற்றில் போய்ச் சேருகிறது. அது அடைத்துக்கொண்டால் இங்கே நீர் நிற்கும். 2021 நவம்பரில் நாள்கணக்கில் நின்றதை மறக்க முடியுமா?

நவம்பர் என்பதால் சொல்கிறேன்: பலத்த மழை அறிவிப்பு வந்த நாளில் அம்மாவைக் கூட்டிவர வேண்டாம். நடைபாதைக் கல் ஈரத்தில் வழுக்கும். ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டு வரட்டும்.

27.10.2024

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. இன்று போகாதே என்று ஊரே சொல்லும், நான் போனேன். உஸ்மான் சாலையில் தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாண்டி பஜாருக்குள் திரும்பியதும் மூச்சு வந்தது. அங்கேயும் கூட்டம்தான், ஆனால் நடக்கிற கூட்டம். ஒரு இருக்கையில் மூன்று தலைமுறைப் பெண்கள் உட்கார்ந்து, வாங்கிய பைகளை மடியில் அடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் ஒரு பாவாடைச் சட்டையின் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "ஓவர்லாக் அடிக்கல, ரெண்டு தடவை துவைச்சா பிரிஞ்சிடும்" என்றார். மகள் எழுந்து மாற்றிக்கொண்டு வரப் போனார். கடையிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து வாங்கியதைச் சரிபார்க்க முடிகிற வசதி பெரிய மால்களில்கூடச் சட்டென்று கிடைக்காது.

நண்பரின் குறை பற்றி மறுபடி யோசித்தேன். அவர் சொன்னதில் பாதி நியாயம். கூட்டம் இருந்தது, சத்தம் குறைவு. முன்பு "பத்து ரூபா, பத்து ரூபா" என்று கூவுகிற குரல்கள் தெரு முழுக்க ஓடும். அது இல்லாத தெரு கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது. அந்தக் குரல்கள் திரும்பி வர வேண்டும், இந்த இருக்கைகளும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

03.11.2024

வருகிற வாரம் வருகிறீர்கள் என்று பார்த்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மின்சார ரயிலில் வந்தால் மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் போகாமல் ஆகாய நடைமேடை வழியாகத் தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். 2023 மே மாதம் திறந்தது, 570 மீட்டர் நீளம், லிஃப்ட் உண்டு. அங்கிருந்து பனகல் பூங்காவுக்கு ஆட்டோ. அம்மாவுக்கு அந்த 570 மீட்டரும் அதிகம் என்றால் வீட்டிலிருந்தே ஆட்டோ பிடித்துவிடுங்கள். பூங்கா பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் தடுப்பு போட்டு வழியை மாற்றியிருப்பார்கள். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடம் அந்த வழியாகத்தான் வருகிறது. அதனால் ஓட்டுநரிடம் தடுப்பைத் தாண்டி, தியாகராய சாலைக்குள் கொஞ்ச தூரம் உள்ளே போய் நிறுத்தச் சொல்லுங்கள்.

செவ்வாய், புதன் சாயங்காலம் வாருங்கள், வாரக் கடைசி வேண்டாம். அம்மா பட்டு பார்க்க ஆசைப்பட்டால் பூங்காவுக்கு எதிரில் நாகேஸ்வர ராவ் சாலையில் 1928இல் தொடங்கிய நல்லி இருக்கிறது. ஆனால் அதை முதலில் வைக்காதீர்கள், அங்கேயே இருட்டிவிடும். பழைய புடவை ஏதாவது மேட்சிங் இல்லாமல் கிடந்தால் பையில் எடுத்து வரச் சொல்லுங்கள், வெளிச்சம் போவதற்குள் மேட்சிங் கடையை முடித்துவிடுங்கள். ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்தால் எப்போது கிடைக்கும் என்று கேட்டு, சீட்டில் தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.